ஹவில்தார் கணவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். வரும் பணத்தை என்ன செய்வது, நான் வேலைக்குப் போக முடியுமா?

சகோதரி கேட்டிருப்பது சுருக்கமாக இது. கணவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தார். 24 வருட சர்வீஸ் முடித்து அடுத்த ஆண்டு வீட்டுக்கு வருகிறார். வேலூர்ப் பக்கம் கிராமம், இரண்டு பிள்ளைகள், கூடவே மாமனார் மாமியார். 'எல்லாம் சேர்த்து நாற்பது லட்சம் கிட்ட வரும்' என்று யூனிட்டில் சொல்லியிருக்கிறார்கள். மாமனார் நிலம் வாங்கச் சொல்கிறார், கொழுந்தனார் ஃபைனான்ஸில் போடச் சொல்கிறார். சகோதரி பி.எஸ்சி., பி.எட். முடித்தவர், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. 'எதில் போட்டால் நல்லது, எனக்கு வேலை கிடைக்குமா, எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அரசாங்கம் என்ன செய்யும்' என்பது கேள்வி. தம்பி அக்னிவீராக இருக்கிறார், அவருக்கும் இதெல்லாம் பொருந்துமா என்பது துணைக்கேள்வி. நடுவில் ஒரு வரி: 'அவர் வரப்போகிறார் என்றாலே சந்தோஷத்தைவிடப் படபடப்புதான் அதிகமாக இருக்கிறது.'

இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான்: சம்பளம் நின்ற பிறகு இந்த வீடு எதை வைத்து ஓடும், அதை முடிவு செய்யும் இடத்தில் நானும் உட்காரலாமா? அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தவன். பிறகு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், ஊர்ப்பக்கம் இன்றும் 'சோல்ஜர் போர்டு' என்று சொல்கிற ஆபீஸில், சில வருடம் நல அமைப்பாளராக இருந்தேன். பென்ஷன் காகிதங்களில் பழக்கம் உண்டு. முதலீட்டு ஆலோசகர் இல்லை, மருத்துவரும் இல்லை. அதனால் விதி என்று நான் சொல்வதை விதியாகவும், என் அபிப்பிராயம் என்று சொல்வதை அபிப்பிராயமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. கணவருடைய அடிப்படைச் சம்பளமும் மிலிட்டரி சர்வீஸ் பே 5,200-ம் சேர்ந்து 50,000 என்று வைத்துக்கொள்வோம். குரூப், கிளாஸைப் பொறுத்து உங்கள் எண் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. பென்ஷன் இதில் பாதி, 25,000. 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம். இன்று அவர் வாங்குவது 79,000-த்தோடு வீட்டு வாடகைப்படி, ஃபீல்டு அலவன்ஸ் என்று சில சில்லறைகள். ஓய்வுக்கு மறுமாதம் அலவன்ஸ் எல்லாம் நின்றுவிடும். பென்ஷனில் பாதியை கமுட்டேஷன் செய்துவிட்டால், அதாவது அந்தப் பங்கை மொத்தத் தொகையாக முன்கூட்டியே வாங்கிவிட்டால், மாதம் கைக்கு வருவது 12,500-ம், முழுப் பென்ஷன் 25,000-க்கான அகவிலை நிவாரணம் 14,500-ம் சேர்த்து 27,000. கமுட் செய்தாலும் அகவிலை முழுப் பென்ஷனுக்கே கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஆக, 79,000 வந்த வீட்டில் இனி 27,000. பிள்ளைகள் ஃபீஸ், கேஸ், மாமியாரின் மாத்திரை எதுவும் குறையப் போவதில்லை.

இப்போது அந்த நாற்பது லட்சத்தைப் பிரித்துப் பார்க்கலாம். கமுட்டேஷன் விகிதம் நாற்பதை ஒட்டிய வயதில் ஒன்பதுக்குச் சற்று மேல். 12,500-ஐ 12-ஆலும் அந்த விகிதத்தாலும் பெருக்கினால் பதின்மூன்றரை லட்சம் போல வரும். கிராஜுட்டி, ஒவ்வொரு ஆறு மாத சர்வீஸுக்கும் அகவிலை சேர்ந்த சம்பளத்தில் கால் பங்கு. 24 வருடத்துக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம், இந்தக் கணக்கில் ஒன்பதரை லட்சம். சேர்த்துவைத்த விடுப்புக்கு 300 நாள் வரை பணம். மீதி, மாதாமாதம் பிடித்த ஏஎஃப்பிபி ஃபண்டும் (படையினரின் சேமநல நிதி) ஆர்மி குரூப் இன்சூரன்ஸின் முதிர்வுத் தொகையும். ஆகவே நாற்பது லட்சம் என்பது கூட்டிச் சொன்ன பேச்சு இல்லை. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் பென்ஷனையே முன்கூட்டி வாங்கிய பணம், அதை 15 வருடம் மாதாமாதம் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள். ஃபண்ட் பணம் அவர் ஏற்கெனவே சேமித்தது. 'அரசாங்கம் தந்தது' என்று சொந்தக்காரர்கள் பங்கு கேட்கும்போது இந்தப் பிரிவு மனதில் இருக்கட்டும்.

கமுட்டேஷனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஐம்பது சதவீதம் என்பது உச்சவரம்புதான், கட்டாயம் இல்லை. ஆனால் காகிதம் நிரப்பும் இடத்தில் யாரும் கேட்பதில்லை, 50 என்று எழுதிவிடுவார்கள். ஆயிரம் ரூபாய் பென்ஷனை விட்டுக்கொடுத்தால் கையில் கிடைப்பது சுமார் 1,09,000; 15 வருடத்தில் பிடிப்பது 1,80,000. வட்டியாகப் பார்த்தால் ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல். கணவர் பேரில் 11, 12 சதவீதத்தில் பர்சனல் லோன் இருந்தால் கமுட் செய்து அதை அடைப்பது லாபம், சந்தேகமே இல்லை. வாங்கிய பணத்தை அப்படியே பேங்கில் டெபாசிட்டாகப் போடப் போகிறீர்கள் என்றால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. இன்னொரு பக்கமும் உண்டு. பென்ஷனர் நடுவில் இறந்துவிட்டால் மீதிப் பணத்தைக் குடும்பத்திடம் கேட்க மாட்டார்கள். குடும்பப் பென்ஷனும் இதனால் குறையாது. கமுட் பணத்துக்கு வருமான வரியும் இல்லை. எனவே 'எடுக்கவே கூடாது' என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு கடன் இருக்கிறது, வீடு கட்ட வேண்டியது பாக்கியா என்று பார்த்து எத்தனை சதவீதம் என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். பென்ஷன் காகிதம் போவது டிஸ்சார்ஜுக்குப் பல மாதம் முன்பு. பணம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றால் இந்த முடிவு உங்களைக் கேட்காமலே நடந்து முடிந்திருக்கும்.

கடன் விஷயத்தில் அவரை உட்காரவைத்து முழுப் பட்டியலைக் கேளுங்கள். பட்டாளத்துக்காரருக்கு லோன் கொடுக்க பேங்குகள் வரிசையில் நிற்கும்; சம்பளம் நிச்சயம், பிடித்தம் நிச்சயம். தங்கச்சி கல்யாணத்துக்கு ஒன்று, கேன்டீன் கார் ஒன்று, நண்பருக்கு ஜாமீன் கையெழுத்து ஒன்று என்று வீட்டுக்குத் தெரியாத கடன் இருப்பது அதிசயம் இல்லை. திட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார். வரும் பணத்தில் முதல் செலவு அதை அடைப்பதாக இருக்கட்டும்.

நிலமா, ஃபைனான்ஸா என்ற கேள்விக்கு வருகிறேன். ஃபைனான்ஸ் வேண்டாம். இது அபிப்பிராயம்தான், ஆனால் வேலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்குமேல் ஆதாரம் கேட்க வேண்டியதில்லை. 2022-ல் ஆருத்ரா கோல்டு விவகாரம் வெடித்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்றார்கள். அந்த மாதிரித் திட்டங்களுக்கு ஆள் பிடிப்பவர்கள் முதலில் தேடுவது பென்ஷன் பணம் வந்த வீட்டைத்தான். சில சமயம் ஆள் பிடிப்பவரே அதே ரெஜிமென்டில் இருந்து வந்தவர் என்பது இன்னும் கொடுமை. நிலத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நாற்பதில் முப்பதை மண்ணில் போட்டுவிட்டு 27,000-த்தில் குடும்பம் நடத்துவது எப்படி என்று மாமனாரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அவர் வயதுக்கு நிலம் கௌரவம்; உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் பத்து வருடப் படிப்புச் செலவு பாக்கி இருக்கிறது. நிலம் வாங்கினால் மூன்றில் ஒரு பங்குக்குள், வில்லங்கச் சான்று பார்த்து, உங்கள் இருவர் பெயரில்.

மாத வருமானத்துக்கு போஸ்ட் ஆபீஸ் மாதாந்திர வருமானத் திட்டம் இருக்கிறது. கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை போடலாம். 2025-ல் வட்டி 7.4 சதவீதம், 15 லட்சத்துக்கு மாதம் 9,250. பென்ஷனோடு சேர்த்தால் 36,000 தாண்டிவிடும், அங்கேயே மூச்சு வாங்கலாம். 'சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போடுங்கள், பட்டாளத்துக்காரருக்கு வயசு தளர்வு உண்டு' என்று யாராவது சொல்வார்கள். தளர்வு உண்டுதான், ஆனால் அது 50 வயதுக்கு. நாற்பத்து மூன்றில் வருபவருக்குப் பயன்படாது. எட்டாவது ஊதியக் குழு, அரியர் என்று வரும் பேச்சையும் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்தால் வரட்டும். ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் திட்டம் 2014 ஜூலையில் தொடங்கி, 2019-லும் 2024-லும் திருத்தப்பட்டது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பென்ஷன் மறுபடி பார்க்கப்படும் என்பது மட்டும் நம்பக்கூடியது.

பணத்தைவிட எனக்குக் கவலை காகிதத்தில். நல அலுவலகத்தில் நான் பார்த்த கண்ணீரில் பாதி, சலுகை இல்லாததால் வந்தது இல்லை. சலுகை இருந்தும் பெயர் சேராததால் வந்தது. கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் யூனிட்டில் சொல்லி பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரத்தைப் பதிவு செய்யும் உத்தரவு, போட வேண்டும். அது ரெக்கார்ட் ஆபீஸில் ஏறினால்தான் நீங்கள் மனைவி, அவர்கள் பிள்ளைகள். ஒரு அம்மா கணவர் இறந்த பிறகு வந்தார். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் லட்சுமி. ஆதாரில் விஜயலட்சுமி. பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் அப்பா பெயருக்கு. மகனின் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ராணுவப் பதிவில் வேறொன்று. லீவில் வந்தபோது கணவர் ஞாபகத்தில் சொன்ன தேதி அது. ஊரே அவரை அந்த ஹவில்தாரின் மனைவி என்று சொல்லும், ஆனால் ஊர் சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது. தாசில்தார் சான்று, அஃபிடவிட், ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கும் வெலிங்டனுக்குக் கடிதம் என்று குடும்பப் பென்ஷன் வர மாதங்கள் ஓடின. கணவர் சர்வீஸில் இருக்கும்போது யூனிட் கிளார்க் முடித்திருக்கக்கூடிய வேலை அது.

ஆகவே அடுத்த லீவில் அவர் வரும்போது உங்கள் பெயர், பிறந்த தேதி, பிள்ளைகளின் பெயர், தேதி எல்லாவற்றையும் ஆதார், பான், பள்ளிச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். 'பதிவில் இருக்கிறபடி ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள்' என்று கேளுங்கள். மாமனார் மாமியார் பெயரும் சார்ந்தோர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன். பென்ஷன் போகும் பேங்க் கணக்கு உங்களோடு கூட்டுக் கணக்காக, இருவரில் எவரும் இயக்கும் வகையில் இருக்கட்டும். இப்போது பென்ஷன் முழுக்க ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் தளத்தில்தான். அதன் யூசர் ஐடி, பாஸ்வேர்டு உங்களுக்கும் தெரிய வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுபோகும்.

நாமினி என்பது தனி விஷயம். பத்தொன்பது வயதில் சேர்ந்த பையன் அன்று அப்பா அம்மா பெயரைத்தான் எழுதியிருப்பான். கல்யாணத்துக்குப் பிறகு பலர் அதை மாற்றுவதில்லை. குடும்பப் பென்ஷன் நாமினேஷனைப் பார்த்து வருவதில்லை, விதிப்படி மனைவிக்கு வரும். ஆனால் குரூப் இன்சூரன்ஸ், ஃபண்ட் பணம் நாமினேஷன்படி போகும். பெற்றோருக்கு ஒரு பங்கு எழுதுவதில் தவறே இல்லை, அவர்களும் அவரை நம்பி இருப்பவர்கள்தான். எழுதியிருப்பது என்ன என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கவே சங்கடமாக இருந்தால், 'பிள்ளைங்க பேரைச் சேர்த்தாச்சாங்க?' என்று ஆரம்பியுங்கள். நாமினி தானாகப் பேச்சுக்கு வந்துவிடும்.

கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், 7 வருடம் அல்லது அவருக்கு 67 வயதாகும் தேதி, எது முந்தியோ அதுவரை கூடுதல் விகிதத்திலும், பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் உங்களுக்குக் குடும்பப் பென்ஷன். நம் கணக்கில் அது 15,000, அகவிலை தனி. சர்வீஸில் இருக்கும்போது டியூட்டி காரணமாக இறந்தால் 60 சதவீதம், போர் நடவடிக்கையில் இறந்தால் 100 சதவீதம். இதையெல்லாம் பேசுவது அபசகுனம் என்று நம் வீடுகளில் வாயைப் பொத்துவார்கள். அவர் இன்னும் சர்வீஸில் இருப்பதை நினைத்தால் பேசாமல் இருப்பதுதான் சரியில்லை.

மருத்துவத்துக்கு ஈசிஹெச்எஸ், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம். 2003-ல் தொடங்கிய திட்டம். ஹவில்தார் வரைக்கும் ஒரே தடவை 30,000 கட்டினால் கணவன், மனைவி, வேலைக்குப் போகாத பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் ஆயுள் முழுக்க. மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குக் கல்யாணமோ வேலையோ ஆகும் வரை. பெற்றோர் என்றால் அவர்களின் மாத வருமானம் 9,000-மும் அதற்கான அகவிலையும் சேர்ந்ததைத் தாண்டக் கூடாது, ராணுவப் பதிவில் பெயரும் இருக்க வேண்டும். மாமனார் மாமியார் பெயரைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அறுபதைத் தாண்டிய இருவருக்கு வெளியே மருத்துவக் காப்பீடு வாங்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்துப் பார்த்தால் அந்த 30,000-த்தின் அருமை தெரியும். வேலூரிலேயே பாலிகிளினிக் இருக்கிறது. அங்கே சீட்டு வாங்கித்தான் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு நேரே போகலாம், பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். கூட்டம், மருந்துத் தட்டுப்பாடு என்று குறைகள் நிறைய உண்டு. இருந்தாலும் பெரிய ஆபரேஷன் என்று வரும்போது வீட்டை விற்காமல் காப்பாற்றுவது இதுதான்.

இனி அவருடைய வேலை. நாற்பத்து மூன்று வயது ஓய்வெடுக்கும் வயது இல்லை. மத்திய அரசு குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதமும், பேங்க், பொதுத்துறை நிறுவனங்களின் குரூப் சி-யில், ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கும் போரில் இறந்தவர் குடும்பத்தாருக்கும் உரிய பங்கும் சேர்ந்து 14.5 சதவீதமும் ஒதுக்கீடு. வயதுக்கு, சர்வீஸ் வருடங்களைக் கழித்து மேலும் மூன்று வருடத் தளர்வு. பத்தாம் வகுப்போடு 15 வருட சர்வீஸ் இருந்தால் பல குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். டிஸ்சார்ஜுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், அதாவது உங்கள் வீட்டில் இப்போதே. 'வந்து ஆறு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு பார்க்கலாம்' என்பவர்கள் அந்த ஆறு மாதத்தில் ஒரு தேர்வு அறிவிப்பைத் தவறவிடுவார்கள். இன்னொரு நுணுக்கம்: ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அந்தச் சலுகை பொதுவாகத் தீர்ந்துபோகும். ஆனால் சேரும் தேதிக்கு முன்பே வேறு எந்தெந்தப் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அவற்றுக்கு மட்டும் சலுகை நிற்கும். 2014-ல் வந்த உத்தரவு இது. பல பேர் முதலில் கிடைத்த சின்ன வேலையில் எழுதிக் கொடுக்காமல் சேர்ந்துவிட்டுப் பிறகு பேங்க் வேலை கைக்கு எட்டியும் விட்டிருக்கிறார்கள்.

அதற்கெல்லாம் படிக்க மனம் இல்லை என்றால் கடைசியில் செக்யூரிட்டி யூனிஃபார்ம்தான். அதைக் கேவலமாகச் சொல்லவில்லை; ஆனால் இருபத்து நான்கு வருடம் ஆட்களை நடத்தி, ஸ்டோர் பார்த்து, வண்டி பராமரித்து வந்தவர் ஏடிஎம் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது எனக்குப் பொறுக்காது. சொந்தத் தொழில் எண்ணம் இருந்தால் தமிழ்நாடு அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் இருக்கிறது. 2024 சுதந்திர தினத்தில் அறிவித்தார்கள். ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், மூன்று சதவீத வட்டி மானியம். மானியத்துக்காகத் தொழில் தொடங்காதீர்கள், தெரிந்த தொழிலுக்கு மானியம் வாங்குங்கள்.

உங்கள் வேலையைப் பற்றி எனக்கு உங்களைவிட நம்பிக்கை அதிகம். இதுவரை நீங்கள் போகாததற்குக் காரணம் படிப்பு இல்லை. குவார்ட்டர்ஸ், டிரான்ஸ்ஃபர், பிறகு பிள்ளைகளோடு ஊரில் தனியாக. இனி இடம் மாறாது, வீட்டில் இன்னொரு பெரியவர் இருப்பார். பி.எட். இருப்பதால் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வை முதலில் எழுதுங்கள். அது இல்லாமல் எட்டாம் வகுப்பு வரைக்குமான ஆசிரியர் வேலை எந்தப் பக்கமும் நகராது. ஆர்மி பப்ளிக் ஸ்கூல்களுக்கு ஆன்லைன் ஸ்க்ரீனிங் டெஸ்ட், நேர்காணல், பாடம் நடத்திக் காட்டுவது என்று மூன்று படி. ஆனால் உங்கள் ஊரிலிருந்து தினம் போய்வரும் தூரத்தில் பள்ளி இருந்தால்தான் பயன். பத்து வருட இடைவெளியை நேர்காணலில் மறைக்கப் பார்க்காதீர்கள். பக்கத்துத் தனியார் பள்ளியில் ஒரு வருடம் குறைந்த சம்பளத்துக்கானாலும் நின்றுவிட்டால் அந்த இடைவெளி பேச்சில்லாமல் போய்விடும். அவருக்கு வேலை கிடைக்கும்வரை வீட்டில் சம்பளம் வாங்குபவர் நீங்களாக இருக்கலாம் என்பதையும் இருவரும் இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

பிள்ளைகளுக்கு: அவர் ஓய்வு பெற்று அடையாள அட்டை வாங்கிய பிறகு, மத்திய சைனிக் போர்டின் கல்வி உதவி, ஹவில்தார் ரேங்க் வரை, இரண்டு பிள்ளைகளுக்கு. முந்தைய வகுப்பில் 50 சதவீதம் வேண்டும். மாதம் 1,000 ஆக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ஆக்கிவிட்டார்கள். கல்லூரிக்கு, தொழிற்படிப்பில் முதல் வருடம் சேரும்போது பிரதமர் உதவித்தொகை. பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500, வருடத்துக்கு 5,500 பேருக்கு. ப்ளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், போட்டி அதைவிட மேலே போகும். பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடும் உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி இருக்கிறது. சோல்ஜர் போர்டு வாசலில் ஒட்டுவார்கள், வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள்.

அந்தப் படபடப்புக்கு வருகிறேன். வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. எல்லாம் முழுதாகக் கிடைத்திருந்தாலும் 24 வருட சர்வீஸில் அவர் வீட்டில் இருந்தது ஆறு வருடம். அதிலும் பாதி, கல்யாணத்துக்கு முன். லீவில் வருகிற கணவருக்குக் கோழி அடித்துப் போடுவது வேறு, தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து 'இன்னுமா பசங்க தூங்குறாங்க' என்று கேட்பவரோடு வாழ்வது வேறு. இத்தனை நாள் மின்கட்டணம் முதல் மகனின் ஜுரம் வரை எல்லா முடிவும் நீங்கள் எடுத்தது. அவருக்கோ ஆர்டர் வாங்கியும் கொடுத்தும் பழக்கம். முதல் ஒரு வருடம் உரசல் இருக்கும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இருந்தது, என் வீட்டில் உட்பட. அவருக்கென்று பொறுப்பான வேலை ஒன்றை, மகளின் கணக்குப் பாடமோ அப்பாவின் ஆஸ்பத்திரி நடையோ, முழுதாக ஒப்படைத்துவிட்டு அதில் தலையிடாமல் இருப்பது உதவுகிறது. கேன்டீன் மதுக் கோட்டாவைப் பற்றியும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: வேலை இல்லாத முதல் ஆறு மாதத்தில்தான் அந்தப் பாட்டில்கள் சீக்கிரம் காலியாகும். அவருக்குத் தூக்கம் கெடுகிறது, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார், பேச்சு குறைகிறது என்றால் கோபம் என்று விட்டுவிடாதீர்கள். 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ராணுவத்தினருக்கென்று 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப்பிரிவும் தொடங்கினார்கள். உங்கள் படபடப்பு தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் அந்த எண் உங்களுக்கும்தான். அதற்கு மேல் சொல்ல நான் தகுதியானவன் இல்லை, மருத்துவர் சொல்லட்டும்.

தம்பிக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. அக்னிவீருக்கு நான்கு வருடம். பென்ஷன் இல்லை, கிராஜுட்டி இல்லை, ஈசிஹெச்எஸ் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை. மாதச் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்து, அரசு அதே அளவு போட்டு, முடிவில் வட்டியோடு 11.71 லட்சம் வரியில்லாமல் தருவார்கள். சர்வீஸில் இருக்கும்வரை 48 லட்சத்துக்கு இன்சூரன்ஸ். ஒவ்வொரு பேட்சிலும் 25 சதவீதம் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள். 2022 கடைசியில் சேர்ந்த முதல் பேட்சுக்கு நான்கு வருடம் முடிவது 2026 கடைசி, 2027 தொடக்கம். ஆகவே அவர் அந்தப் பதினொன்றரை லட்சத்தை நம்பி இப்போது பைக் லோனும் வீட்டு லோனும் எடுக்காமல் இருக்கட்டும். லீவு கிடைக்கும்போது மத்திய ஆயுதப்படைத் தேர்வுக்கோ ஒரு டிகிரிக்கோ படிக்கட்டும். நிரந்தரத்துக்குத் தேர்வாகிவிட்டால் மேலே எழுதியிருப்பதை அவருக்கும் காட்டுங்கள்.